ஆலம்பரைக்குச் சிமெண்ட் வேண்டாம்: காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்துக் கடலோரத்தில் இடிபாடாக நிற்கிற ஆலம்பரைக் கோட்டையில் இனிக் கை வைக்கப்போகிற தொல்லியல் அதிகாரிகளுக்கும், பொறியாளர்களுக்கும், டெண்டர் எடுக்கப்போகிற ஒப்பந்தக்காரர்களுக்கும்,

வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் கட்டட மேஸ்திரி. அப்பா கொத்தனார், தாத்தாவும் கொத்தனார். 26 வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். கோட்டையின் வரலாறு உங்களுக்குத் தெரியும், சுவர் எனக்கும் கொஞ்சம் தெரியும், அதனால் சுவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன பொங்கல் லீவில் குடும்பத்தோடு கடல் பார்க்கக் கிளம்பினோம். என் பெண் எட்டாவது படிக்கிறாள், கடலை நேரில் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர்த் தென்பெண்ணை கடலூர்ப் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது என்று பாடத்தில் படித்துவிட்டு, நம்ம ஆத்துத் தண்ணி போகிற இடத்தை நாம மட்டும் ஏன்பா பார்க்கல என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி, ஆனாலும் நானும் வரேன் என்றார். விடிகாலை நாலு மணிக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு வேனில் ஏறினோம். போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், மரக்காணம், அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பிக் கடப்பாக்கம். 200 கிலோமீட்டருக்கு மேல். மரக்காணத்து உப்பளத்தில் குவித்து வைத்திருந்த உப்பைப் பார்த்து, தாத்தா, இவ்ளோ சுண்ணாம்பா என்று கேட்டாள் பெண். சுண்ணாம்பு இல்ல பாப்பா, சுண்ணாம்போட எதிரி என்றார் அப்பா. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

செஞ்சியில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கோட்டையை அண்ணாந்து பார்த்தோம். அங்கேயும் கிருஷ்ணகிரி என்ற பெயரில் ஒரு மலை இருக்கிறது என்று தெரிந்ததும் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. மலைக்கோட்டை எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற கிருஷ்ணகிரிக் கோட்டையை 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை ஏறிப் பிடிக்கப் பார்த்து முடியாமல் திரும்பியது, அதே வருடம் ராயக்கோட்டை அவர்கள் கையில் சிக்கியது. பாராமகால் என்று பழைய காகிதங்களில் வருகிற எங்கள் சீமை முழுக்கக் கோட்டைதான். எல்லாம் பாறைமேல் பாறையாக அடுக்கிய கோட்டைகள்.

ஆலம்பரை அப்படி இல்லை. கழிமுகத்து ஓரம், மணல்மேல், தட்டையாக, செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. முன்னால் கழித்தண்ணீர், அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். பெண் கடலைப் பார்க்க ஓடிவிட்டாள். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நடந்தார். ஏம்பா, கோயிலா இது, செருப்பை எதுக்குக் கழட்டறீங்க என்றேன். எவனோ கட்டின வேலைடா இது, பெரிய வேலை என்றார்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்காக. 1736க்கும் 1740க்கும் நடுவில், ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் எழும்பிய கோட்டை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதும் 1736இல்தான். கோட்டைக்குள்ளும் சுற்றியும் ஏறக்குறைய 15 ஏக்கர். 100 மீட்டர் நீளத்துக்குக் கப்பல் துறை. அந்தத் துறையிலிருந்து சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் போயிருக்கின்றன, காசு அடிக்கிற சாலையும் இருந்தது. 1750இல் தக்காணத்துச் சுபேதார் முசாபர் ஜங், தனக்குப் பண்ணிய உதவிக்கு ஈடாகக் கோட்டையைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்து இடித்துப்போட்டார்கள். மிச்சத்தில் ஒரு பங்கை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கொண்டுபோனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டையாக அது வாழ்ந்தது 25 வருடத்துக்கும் குறைவு. இடிபாடாக நிற்பது 260 வருடத்துக்கும் மேல். கோட்டையாக வாழ்ந்ததைவிடப் பத்து மடங்கு காலம், கூரை இல்லாமல், பூச்சு இல்லாமல், உப்புக் காற்றிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் நின்றிருக்கின்றன என்றால் அந்தக் கலவையில் என்னவோ இருக்கிறது என்று யாருக்கும் தோன்ற வேண்டும். அதை நாம் கெடுத்துவிடக்கூடாது என்பதற்குத்தான் இந்த மடல்.

அப்பா என்ன செய்தார் என்று சொல்கிறேன். ஒரு சுவரின் முறிந்த வாயில் உட்கார்ந்துகொண்டார். முறிந்த இடத்தில்தான் சுவரின் உள் தெரியும். முதலில் உள்ளங்கையை முழுசாகச் செங்கல்மேல் வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார், ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார், எங்கள் வீட்டுச் சுவருக்கும் அவர் செய்வதுதான். அப்புறம் இரண்டு செங்கல்லுக்கு நடுவில் இருக்கிற காரையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் கொஞ்சம் இறங்கியது. தானாகக் கீழே உதிர்ந்து கிடந்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து நாக்கு நுனியில் வைத்தார். உப்புக் கரித்தது என்று முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் அதே விரலைச் செங்கல்லின் முகத்தில் தேய்த்தார். செங்கல் வழவழவென்று இருந்தது, ஒன்றும் உதிரவில்லை.

பாத்தியாடா, காரை உதிருது, கல்லு உதிரல என்றார். செங்கல்லைக் கொத்தனார்கள் கல் என்றுதான் சொல்லுவோம். எந்தச் சுவர்ல காரை முதல்ல சாவுதோ அந்தச் சுவர் பொழைக்கும். எந்தச் சுவர்ல கல்லு முதல்ல சாவுதோ அந்தச் சுவர் போயிடும். கல்லு பொசுக்குன்னு போச்சுன்னா மாத்த முடியாது, காரை போச்சுன்னா பத்து வருசத்துக்கு ஒருக்கா சுரண்டிட்டுப் புதுசு திணிக்கலாம். இது கிளிஞ்சல் சுண்ணாம்பாத்தான் இருக்கும், கடலோரத்துல கல்லுச் சுண்ணாம்புக்கு எங்க போவாங்க.

இந்த நாலு வரிக்குள் முழு விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் புரியும். செங்கல் திரி மாதிரி, அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். கடலோரத்தில் அந்தத் தண்ணீரோடு உப்பும் ஏறும். ஏறிய தண்ணீர் எங்கேயாவது வெளியேறி ஆவியாக வேண்டும், ஆவியாகிற இடத்தில் உப்பு கட்டியாகும், கட்டியாகும்போது விரியும், விரிந்தால் அந்த இடம் பொரிந்து கொட்டும். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மெத்து, நுண்துளை அதிகம், அதனால் தண்ணீரும் உப்பும் காரை வழியாக வெளியே வந்துவிடும், பொரிகிறது காரைதான், செங்கல் தப்பித்துக்கொள்ளும். அந்த இடுக்கில் சிமெண்டைத் திணித்தால் என்ன ஆகும்? சிமெண்ட் கெட்டி, தண்ணீரை விடாது. தண்ணீருக்கு வேறு வழி இல்லை, செங்கல் வழியாகத்தான் வெளியேறும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே கட்டியாகும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் செங்கல் முகம் தட்டுத் தட்டாகக் கழன்று விழுந்து, சிமெண்ட் கோடு மட்டும் கூடு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். கடலோரத்துப் பழைய வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, என் கையாலேயே ஒரு கட்டடத்தைக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். 14 வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழைய சாவடி ஒன்றைப் புதுப்பிக்கிற வேலை கிடைத்தது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, அங்கங்கே உப்பி நின்றது. ஊர்ப் பெரியவர்கள் விழாவுக்குள் முடிக்கணும் என்றார்கள். அப்பா வேண்டாம்டா, சுண்ணாம்புலயே போடு, ஒரு மாசம் தள்ளிப் போகட்டும் என்றார். நான் கேட்கவில்லை. பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நல்ல கம்பெனிச் சிமெண்டில், ஒன்றுக்கு நாலு கலந்து, மட்டம் பிடித்து, கண்ணாடி மாதிரி பூசிக் கொடுத்தேன். விழாவில் எனக்குத் துண்டு போட்டார்கள். மூன்றாவது வருடம் பூச்சு பலகை பலகையாகக் கழன்று வந்தது, கூடவே உள்ளே இருந்த செங்கல்லும் செம்பொடியாகக் கொட்டியது. 100 வருடத்துக்கு மேல் நின்ற சுவர். இப்போது அந்த இடத்தில் தகரக் கொட்டகைதான் இருக்கிறது. அந்தத் தெரு வழியாகப் போகும்போது இன்றைக்கும் நான் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விடுவேன்.

அதனால்தான் ஆலம்பரையில் அப்பா நகத்தால் அழுத்திக் காட்டியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாளைக்கு ஒரு நாள் நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, என்னை மாதிரி ஒரு மேஸ்திரி வந்து இறங்குவான். அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் நினைப்பான், நன்றாகச் செய்வது என்றால் அவனுக்குச் சிமெண்ட்தான் தெரியும். போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824இல். ஆலம்பரை எழும்பி 80 வருடத்துக்கு மேல் கழித்து வந்த பொருள் அது. அந்தச் சுவருக்கு அது பழக்கமில்லாத மருந்து.

சுண்ணாம்பு வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் மதிப்பீடு போடும்போது சுண்ணாம்புக் கலவை என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் சந்தைப் பொடிச் சுண்ணாம்பை வாங்கி அன்றைக்கே கலந்து அன்றைக்கே பூசிவிடுவார்கள், அது பாதிச் சிமெண்டைவிட மோசம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்ட பிறகு கிடைப்பது பச்சைச் சுண்ணாம்பு. அதைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கும், பக்கத்தில் நிற்க முடியாது, கண்ணில் தெறித்தால் பார்வை போகும். அப்படி நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டித் தண்ணீருக்கடியிலேயே ஊற வைக்க வேண்டும், மாதக்கணக்கில். எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனை வெண்ணெயாக வரும். ஊறியதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு ஆற்று மணல், கொஞ்சம் செங்கல் பொடி. செங்கல் பொடியை எங்கள் ஆட்கள் சுர்க்கி என்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு சுத்தமானது, ஆனால் ஈரத்தில் தானாகக் கெட்டியாகாது, காற்று பட்டால்தான் கல்லாகும். சுர்க்கி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும், கழிமுகத்து ஓரச் சுவருக்கு அது இல்லாமல் முடியாது. தனியாக ஒரு பானையில் இடித்த கடுக்காயும் வெல்லமும் ஒரு வாரம் பத்து நாள் ஊறிப் புளித்திருக்கும், அந்தத் தண்ணீரை விட்டுத்தான் கலவையை அரைக்க வேண்டும். கடற்கரை மணலும் உப்புத் தண்ணீரும் கிட்டவே வரக்கூடாது. பூசிய பிறகு ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரமாவது வெயில் படாமல் காக்க வேண்டும்.

என் அம்மா சித்தாளாக இருந்தவர். அந்தக் காலத்தில் மாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்துக்கொண்டே பின்னோக்கி நகர்வார்கள். நடுவில் ஒருத்தி கடுக்காய்த் தண்ணீரைத் தென்னம்மட்டையால் தெளித்துக்கொண்டே வருவாள். கட்டை தளத்தில் பட்டால் முதலில் சொத் என்று சத்தம் வருமாம், மூன்றாம் நாள் டொக் என்று வருமாம், ஐந்தாம் நாள் பித்தளைக் குடத்தைத் தட்டிய மாதிரி கணீர் என்று கேட்டால்தான் மேஸ்திரி போதும் என்று எழுந்திருக்கச் சொல்வார். அம்மாவின் வலது உள்ளங்கையில் அந்தக் காய்ப்பு கடைசிவரை இருந்தது. ஆலம்பரைச் சுவர்களின் தலைப்பகுதிக்கு இந்த வேலைதான் வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். சுவர் அடியில் கெடுவதைவிட உச்சியில்தான் வேகமாகக் கெடுகிறது, மழைத் தண்ணீர் முறிந்த தலையில் நேராக இறங்கி நடுவயிற்றைக் கரைக்கிறது. மேலே ஜல்லிச் சுண்ணாம்பைச் சரிவாகப் போட்டு அடித்து மூடிவிட்டால் கீழே இருக்கிறது தானாக இன்னொரு 100 வருடம் நிற்கும், யார் கண்ணுக்கும் அது தெரியக்கூடத் தெரியாது.

சுவரில் முளைத்திருக்கிற ஆலும் அரசும் பற்றி ஒரு வார்த்தை. தயவுசெய்து பிடுங்கச் சொல்லாதீர்கள். வேர் சுவருக்குள் கை மாதிரி நுழைந்து செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் செங்கல்லோடுதான் வரும். தண்டை அறுத்து, வேரை உள்ளேயே சாகவிட்டு, காய்ந்த பிறகு எட்டுகிற அளவுக்கு எடுத்துவிட்டு, பொந்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். துப்புரவுப் பணி என்று ஒரே நாளில் ஆள் விட்டுச் செய்கிற வேலை இல்லை அது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். இடிந்த கொத்தளத்தைத் திரும்ப எழுப்ப வேண்டாம். 1760இல் இடித்தது 1760இல் இடித்ததாகவே தெரியட்டும், 2004இல் கடல் தள்ளியது தள்ளியபடியே கிடக்கட்டும். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவர் என் பெண்ணைக் கூப்பிட்டு, பாப்பா, இந்தச் சுவரு அப்பல்லாம் இன்னும் நீளமா இருக்கும், அந்தத் தண்ணி வந்த அன்னைக்கு விழுந்தது, நான் அந்தப் பக்கம் ஓடிட்டிருந்தேன் என்று கையை நீட்டிக் காட்டினார். என் பெண் அந்த விழுந்த துண்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். வீட்டுக்கு வந்தபின் அவள் வரைந்த படத்தில் கடலைவிட அந்தத் துண்டுதான் பெரிதாக இருந்தது. அதைத் தூக்கி நிறுத்திப் புதுச் செங்கல் வைத்துக் கட்டியிருந்தால் அவளுக்கு அங்கே பார்க்க என்ன இருந்திருக்கும்?

அதே சுவர்களில் ஆணியால் பெயர் கீறியிருக்கிறார்கள், இதய வடிவம் போட்டு. காரை மெத்தென்று இருப்பதால் கீறல் ஆழமாக இறங்குகிறது, அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. அந்தப் பிள்ளைகளைத் திட்டுவதில் பயனில்லை. இந்தச் சுவர் என்ன, எதனால் ஆனது, ஏன் கீறினால் வலிக்கும் என்று சொல்ல அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். கோட்டையைப் பற்றிப் பேச அந்த மீனவரைவிடப் பொருத்தமானவர் யார்?

சுண்ணாம்பில் செய்ய முடியுமா, இந்தக் காலத்தில் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப் கட்டிய அரண்மனையின் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறையிலேயே பழுதுபார்த்து நிமிர்த்தியிருக்கிறது. நவாப் காலத்துச் சேப்பாக்கத்துக்கு அது கிடைத்தது என்றால் நவாப் காலத்து ஆலம்பரைக்கும் கிடைக்கட்டும். ஆலம்பரைக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் சுண்ணாம்பு வேலை சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?

தடை எங்கே என்று எனக்குத் தெரியும், நானும் பில் போடுகிறவன். மார்ச் 31க்குள் வேலையை முடித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் ஜனவரியில் வேலை உத்தரவு வாங்கிய எவனும் சுண்ணாம்பு ஊற வைக்கமாட்டான். அதனால் வேலை உத்தரவுக்கு முன்னாலேயே, முந்தின வருடமே, சுண்ணாம்பை மட்டும் தனி உத்தரவாகப் போட்டுத் தொட்டி கட்டி ஊற வைத்துவிடுங்கள். அது கெட்டுப்போகாது, மேலே தண்ணீர் நின்றால் போதும். சுவர் வேலைக்கு சதுர அடிக் கணக்கில் கூலி போடாமல் நாள் கூலி போடுங்கள். சதுர அடிக் கணக்கு என்றால் நானே அவசரப்படுவேன், அவசரப்பட்டுத்தான் அந்தச் சாவடியைக் கெடுத்தேன்.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டால், எங்கள் பக்கம் வாருங்கள். காவேரிப்பட்டணம், பாலக்கோடு, காரிமங்கலம் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்பில் வேலை பார்த்துக் கை பழகிய பெரியவர்கள் ஐந்தாறு பேரை எனக்கே தெரியும். எல்லோருக்கும் 70 தாண்டிவிட்டது. சாரத்தில் ஏறமாட்டார்கள், ஆனால் கீழே கட்டில் போட்டு உட்கார்ந்து கலவையை விரலில் எடுத்துப் பார்த்து இன்னும் அரை, போதும், தண்ணி கூடிப்போச்சு என்று சொல்ல அவர்களால் முடியும், அதைச் சொல்லத்தான் இன்றைக்கு ஆள் இல்லை. அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் பத்து இளம் பையன்களை நிறுத்துங்கள். கடுக்காய் எங்கள் மலைக்காடுகளில் விளைகிறது, வெல்லம் தர்மபுரிப் பக்கம் இன்னும் காய்ச்சுகிறார்கள். போகும்போது அதியமான் கதையை அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், அதியமான்கோட்டை, நெல்லிக்கனி, ஔவை என்று. அந்த நெல்லிக்கனிக் கொடையைச் சிறுபாணாற்றுப்படையில் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். கடப்பாக்கம் இருப்பது அதே இடைக்கழிநாட்டில்தான். எங்கள் தகடூர்க்காரனை, அதாவது இன்றைய தர்மபுரிப் பக்கத்து அதியமானை, அந்தக் கடலோரத்துக்காரர் பாடி வைத்தார், அந்தக் கடலோரத்துச் சுவருக்கு எங்கள் கடுக்காயும் வெல்லமும் போய்ச் சேர்ந்தால் எங்களுக்கு அது பெரிய சந்தோஷம்.

திரும்பி வரும்போது அப்பா வழியெல்லாம் பேசவில்லை, கால் வலி என்று நினைத்தேன். செஞ்சி தாண்டியதும், நம்ம ஊர்க் கோட்டையைப் பத்திக் கவலை இல்லடா, அது கருங்கல்லு, யாரும் பாக்கலைன்னாலும் நிக்கும், இது பாவம்டா செங்கல்லு என்றார். வீட்டுக்கு வந்த மறுநாளே கொல்லையில் பழைய சிமெண்ட் தொட்டியைக் கழுவி, சுண்ணாம்பு வாங்கிவரச் சொல்லி, தானே நின்று நீற்றி ஊறப்போட்டார். எதுக்குப்பா என்றதற்கு, யாராச்சும் வந்து கேட்டா காட்ட ஒண்ணும் இல்லாம போயிடக் கூடாதில்ல என்றார். அது ஊறிக்கொண்டிருக்கிறது. தினம் காலையில் மேலே தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார்.

உங்களில் யாராவது வந்து பார்ப்பதாக இருந்தால் சித்திரைக்கு முன்னால் வாருங்கள். சித்திரை பிறந்தால் அப்பா மாந்தோப்புக் காவலுக்குப் போய்விடுவார், ஆடி வரைக்கும் வீட்டில் தங்கமாட்டார், கலவையைத் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கட்டட மேஸ்திரி